வார்டில் ‘சரி’ என்றால் என்ன பொருள்?

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆண்கள் மருத்துவ வார்டில் நான் இரவுப் பணியில் இருந்தேன். மூச்சுத் திணறலால் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்த முதியவர் ஒருவருக்காகப் பணி மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் வேறொரு மாடியில் இருந்தார். அவருக்குப் பின்னால் யாரோ உரத்த குரலில் அழுதுகொண்டிருந்தார்கள். “லாசிக்ஸ் இருபது போடுங்க சிஸ்டர்” என்றார். லாசிக்ஸ் என்பது ஃப்ரூசிமைடு; சிறுநீரைப் பெருக்கும் மருந்து, இரத்த அழுத்தத்தையும் இறக்கக்கூடியது. “சரி சார்” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். என் காதில் விழுந்தது ‘அறுபது’. வார்டில் அப்போது இருந்தவை 20 மில்லிகிராம் கொண்ட சிறிய ஆம்பூல்கள். ஒன்றை உடைத்து மருந்தை இழுத்தேன், இரண்டாவதையும் உடைத்தேன். மூன்றாவதின் கழுத்தைப் பஞ்சால் பிடித்தபோதுதான், சற்று முன் நானே குறித்துவைத்த இரத்த அழுத்தம் நூறுக்கும் கீழே இருந்தது நினைவுக்கு வந்து கை நின்றது. மறுபடி அழைத்துக் கேட்டேன். “இருபதுன்னுதானே சொன்னேன்?” என்றார் மருத்துவர். “ஆமாம் சார்” என்றேன்.

காது தவறாகக் கேட்பதை யாராலும் முழுவதும் தடுக்க முடியாது. என் பிழை அந்தச் ‘சரி’யில் இருந்தது. அவருக்கு அது ‘இருபது என்பதைச் சிஸ்டர் வாங்கிக்கொண்டார்’ என்று பொருள்பட்டது. எனக்கோ ‘அறுபது போடப்போகிறேன்’ என்று பொருள்பட்டது. நாள் முழுவதும் நம் வாயில் புழங்கும் இந்தச் சொல்லுக்கு மருத்துவமனையில் குறைந்தது நான்கு பொருள்கள் உண்டு: காதில் விழுந்தது, புரிந்தது, ஒப்புக்கொள்கிறேன், செய்துவிடுகிறேன். ‘இப்போது என்னை விடுங்கள், கையில் வேலை இருக்கிறது’ என்ற ஐந்தாவது பொருளும் சில நேரங்களில் சேர்ந்துகொள்ளும். ஒரே நோயாளியைச் சுற்றி வேலை செய்யும் செவிலியர், பயிற்சி மருத்துவர், மருந்தாளுநர், ஆய்வக நுட்பநர், வார்டு உதவியாளர் ஆகியோருக்கிடையே சொல் எங்கெங்கே தடம் மாறுகிறது, அதை எந்த இடத்தில் எப்படிப் பிடித்து நிறுத்தலாம் என்பதை என் அனுபவத்திலிருந்தும், உலகெங்கும் கைக்கொள்ளப்படும் முறைகளிலிருந்தும் இங்கே எழுதுகிறேன்.

கேட்டதை எழுதி, எழுதியதைப் படித்துக்காட்டுங்கள்

வாய்மொழி ஆணையை வாங்கும்போது முதலில் எழுத வேண்டும், பிறகு எழுதியதைப் பார்த்து உரக்கப் படிக்க வேண்டும், மறுமுனையில் இருப்பவர் ‘ஆம், அதுதான்’ என்று சொல்லும்வரை தொலைபேசியை வைக்கக் கூடாது. இந்த வரிசை முக்கியமானது. நினைவிலிருந்து திருப்பிச் சொன்னால் காது செய்த பிழையைப் பிடிக்கலாமே தவிர, பிறகு கை செய்யும் பிழை தப்பிவிடும். எழுதியதைப் படித்தால் இரண்டும் ஒரே வடிகட்டியில் சிக்கும். எண்ணை முழுச் சொல்லாக ஒரு முறையும் இலக்கம் இலக்கமாக ஒரு முறையும் சொல்லுங்கள்: “ஃப்ரூசிமைடு, இருபது மில்லிகிராம், இரண்டு, பூஜ்யம், சிரை வழியாக, இப்போது ஒரே ஒரு முறை.” இதோடு நோயாளியின் முழுப்பெயரையும் சேர்த்துப் படியுங்கள். தமிழில் இருபதும் அறுபதும் தொலைபேசியில் இரட்டைப் பிள்ளைகள். ஐம்பதும் எண்பதும் அப்படியே. ஆங்கிலத்துக்கு மாறிவிட்டால் தப்பிக்கலாம் என்று எண்ண வேண்டாம், அங்கே ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் காத்திருக்கின்றன.

இந்தப் பழக்கத்தை நம்மைவிட ஒழுங்காகக் கடைப்பிடிப்பவர்கள் விமானத் துறையினர். அவர்களும் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில், பனிமூட்டம் சூழ்ந்த ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் உயிரிழந்தார்கள். புறப்பட அனுமதி கிடைக்காத நிலையிலேயே ஓடத் தொடங்கிவிட்ட விமானத்திலிருந்து ‘இப்போது புறப்படும் இடத்தில்’ என்று பொருள்படும் தெளிவற்ற ஒரு தொடர் வந்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து முதலில் வந்த பதில் ‘ஓகே’. அதையடுத்து ‘காத்திருங்கள்’ என்று கட்டுப்பாட்டாளர் சொன்னது, அதே நொடியில் மற்ற விமானம் பேசியதால் அலைவரிசையில் இரைச்சலாகிச் சரியாகப் போய்ச் சேரவில்லை. விபத்துக்கு வேறு பல காரணங்களும் உண்டு; ஆனாலும் அந்த ‘ஓகே’, நம் ‘சரி’யின் உடன்பிறப்பு என்பதை மறக்க முடியவில்லை. அனுமதியைப் பெற்றவர் அதன் முக்கியப் பகுதிகளைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகு வானில் மேலும் இறுகியது.

எழுத நேரமில்லாத இடமும் உண்டு. இதயம் நின்றுபோனவரைச் சுற்றி ஆறு பேர் நிற்கும்போது யாரும் காகிதத்தைத் தேட மாட்டார்கள். அங்கே ஆணை ஓர் ஆளை நோக்கிப் போக வேண்டும். “யாராவது அட்ரினலின் கொடுங்க” என்றால், ஒன்று யாரும் கொடுக்க மாட்டார்கள், இல்லாவிட்டால் இருவர் கொடுத்துவிடுவார்கள். பெயரைச் சொல்லி அழையுங்கள். பெயர் தெரியாவிட்டால் “பச்சைச் சட்டை சிஸ்டர்” என்று கூப்பிட்டாலும் பாதகமில்லை. கேட்டவர் “அட்ரினலின் ஒரு மில்லிகிராம் கொடுக்கிறேன்” என்றும், கொடுத்த பின் “கொடுத்தாயிற்று, மணி இரண்டு பதினான்கு” என்றும் உரக்கச் சொல்ல வேண்டும். நேரத்தைக் குறிப்பதற்கென்றே ஒருவர் விலகி நிற்க வேண்டும்.

தொலைபேசி ஆணையை நோயாளியின் உறவினர் வழியாகவோ வார்டு உதவியாளர் வழியாகவோ வாங்காதீர்கள். வாங்கிய ஆணையைக் கேஸ் ஷீட்டில் ஏற்றும்போது நேரத்தையும் சொன்னவர் பெயரையும் குறித்து, ‘படித்துக்காட்டி உறுதி செய்யப்பட்டது’ என்று எழுதுங்கள். உங்கள் மருத்துவமனை வகுத்துள்ள கால எல்லைக்குள் மருத்துவரிடம் கையொப்பம் பெறுங்கள். வாட்ஸ்அப் பற்றி எனக்குக் கசப்பான கருத்து உண்டு. குழுவில் போட்ட செய்திக்கு நீலக் குறி விழுந்தால் எல்லோரும் திறந்தார்கள் என்றுதான் பொருள், யாராவது பொறுப்பேற்றார்கள் என்று பொருளாகாது. கட்டைவிரல் படம் ‘சரி’யைக் காட்டிலும் மோசமானது. அதற்குக் குரலின் தயக்கம்கூடக் கிடையாது. நோயாளியின் பெயரில்லாத இ.சி.ஜி. படத்தை அனுப்பிவிட்டு ‘பார்த்துச் சொல்லுங்க சார்’ என்று எழுதுவதைவிட, படத்தை அனுப்பிய கையோடு அழைத்து, எந்த நோயாளி என்பதை வாயால் சொல்லுவதே முறை.

நம் மொழிக்குள்ளேயே இருக்கும் குழிகள்

தகவல் தொடர்புப் பயிற்சி வகுப்புகளில் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களைப் பற்றியே பேசுகிறார்கள். நம் வார்டுகளில் தடுக்கிவிடும் கற்களில் பாதி தமிழிலேயே கிடக்கின்றன.

‘நாளைக்கு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நாளைக்கு இரண்டு மாத்திரை’ என்றால் தினமும் இரண்டா, அடுத்த நாள் இரண்டா? மருந்து கொடுக்கும் சன்னலில் இதைக் கேட்டுச் சென்ற அம்மா ஒருவர், அன்று ஒன்றும் போடாமல், மறுநாள் இரண்டைப் போட்டுவிட்டு, மீதியைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு அடுத்த வாரம் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ‘தினமும் காலையில் ஒன்று, இரவில் ஒன்று, இன்று இரவே தொடங்க வேண்டும்’ என்று சொல்ல ஐந்து நொடிகூட ஆகாது. ‘ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல்’ என்பதும் அப்படித்தான். ‘புதன் இரவு 12 மணி’ என்பதைப் புதன் பிறக்கும் நள்ளிரவு என்று ஒருவரும், புதன் முடியும் நள்ளிரவு என்று மற்றொருவரும் படிப்பார்கள்; இடையில் 24 மணி நேரம். அறுவைச் சிகிச்சைக்கு முன் பட்டினி இருக்க வேண்டிய நேரத்தைத் தேதியோடு, 23.59 என்றோ 00.01 என்றோ எழுதுங்கள்.

பட்டினி என்றதும் நினைவுக்கு வருவது ‘வெறும் வயிறு’. “காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையே?” என்று கேட்டால், “இல்லைம்மா, ஒரு வாய் காபியோடு சரி” என்ற பதில் வரும், சில நேரம் அந்தக் காபியும் சொல்லாமல் விடப்படும். நம் வழக்கில் சாப்பிடுவது சோறும் பலகாரமும்தான், காபி அந்தக் கணக்கில் வராது. ஆகவே கேள்வியை உடைத்துக் கேளுங்கள்: தண்ணீர் குடித்தீர்களா, காபி, டீ, பால் ஏதேனும் குடித்தீர்களா, வெற்றிலை போட்டீர்களா, கடைசியாக வாயில் எது போனது, எத்தனை மணிக்கு?

நோயாளியின் சொல்லை நாம் மருத்துவருக்கு எடுத்துச் செல்லும் வழியில் அது மாறிப்போவது இன்னும் ஆபத்தானது. ‘மயக்கம்’ என்று நோயாளி சொல்வது தலைசுற்றலாக இருக்கலாம், கண் இருண்டதாக இருக்கலாம், நினைவு தப்பிக் கீழே விழுந்ததாகவும் இருக்கலாம். செவிலியர் அதை ‘கிடினஸ்’ என்று எழுதிவிட்டால், நினைவிழந்து விழுந்த ஒருவர் தலைசுற்றல்காரராக வரிசையின் கடைசிக்குப் போய்விடுவார். ‘இளைப்பு’ சில ஊர்களில் மூச்சிரைப்பு, சிலர் வாயில் வெறும் களைப்பு. ‘நெஞ்சைக் கரிக்குது, வாயுதான்’ என்ற வரியில் முதல் பாதி நோயாளியின் உணர்வு, இரண்டாம் பாதி அவருடைய நோய்க் கணிப்பு. ‘கேஸ் டிரபிள்’ என்று அதைச் சுருக்கி மேலே அனுப்பினால், மாரடைப்பு ஒன்றை வாயு மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்ப நாமும் கையெழுத்திட்டவர்களாவோம். நோயாளி சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே மேற்கோள் குறிக்குள் எழுதிவிட்டு, நம் புரிதலை அடுத்த வரியில் தனியாக எழுதுவது நல்லது.

வேற்று மொழிச் சகப் பணியாளர்கள் இல்லாத பெரிய மருத்துவமனை இன்று தமிழ்நாட்டில் அரிது. மலையாளத்தில் ‘பனி’ என்றால் காய்ச்சல். கேரளத்திலிருந்து புதிதாக வந்த செவிலியர் “ராத்திரி பனி இருந்ததா?” என்று கேட்க, சன்னலோரம் படுத்திருந்த பாட்டி “ஆமாம்மா, விடியக்காலையில் நல்ல பனி” என்று பதில் சொன்னதை நாங்கள் பல நாள் சொல்லிச் சிரித்தோம். வெப்பமானியை வைத்துப் பார்த்ததால்தான் அது சிரிப்போடு போயிற்று. மொழி தெரியாதவரிடம் ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளைக் கேட்காதீர்கள். மொழி தெரிந்தவரிடமும் கேட்காமல் இருப்பதே மேல். “நீங்கள் லட்சுமியா?” என்று கேட்டால், காது மந்தமானவரும், தூக்கக் கலக்கத்தில் இருப்பவரும், மரியாதை கருதித் தலையாட்டுபவரும் “ஆமாம்” என்றுதான் சொல்வார்கள். “உங்கள் பெயர் என்ன? அப்பா பெயரோ கணவர் பெயரோ என்ன?” என்று கேட்டு, கைப்பட்டியில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரே வார்டில் இரண்டு லட்சுமிகள் இருப்பது நம் ஊரில் விதிவிலக்கே அன்று. முன்னெழுத்தை விட்டுவிட்டால் இருவரும் ஒருவராகிவிடுவார்கள். படுக்கை எண்ணையே பெயராக்கிக்கொள்ளும் வழக்கமும் கைவிட வேண்டியது. நோயாளி இடம் மாறுவார், எண் கட்டிலோடு தங்கிவிடும்.

எழுத்தும் எண்ணும்

அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன், மருத்துவக் குறிப்புகளில் பயன்படுத்தக் கூடாத சுருக்கங்களின் பட்டியலை 2004-இல் வெளியிட்டது. அதில் முதலில் நிற்பது ‘யூனிட்’ என்பதற்குப் போடும் ஒற்றை ‘யூ’ எழுத்து. அவசரக் கையெழுத்தில் அது பூஜ்யம்போல் வளைந்துவிட்டால் 4 யூனிட் இன்சுலின் 40 ஆகிவிடும். 1.0 என்று எழுதினால் புள்ளி மறைந்து 10 ஆகும்; .5 என்று எழுதினால் 5 ஆகும். ஆகவே முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் பூஜ்யமும் வேண்டாம். பின்னத்துக்கு முன் பூஜ்யம் கட்டாயம் வேண்டும். ‘எம்.எஸ்.’ என்பது மார்ஃபினா மக்னீசியம் சல்ஃபேட்டா என்ற குழப்பத்தால் அந்தச் சுருக்கமும் விலக்கப்பட்டது. நம் பங்குக்கு நான் ஒன்றைச் சேர்ப்பேன். ‘ஓ.டி.’ என்பது பொது மருத்துவருக்குத் தினம் ஒரு முறை, கண் மருத்துவருக்கு வலது கண், வார்டு உதவியாளருக்கு அறுவை அரங்கு. மருந்துகளை அவற்றின் பொதுப் பெயரில், தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சிலே 2016-இல் விதியைத் திருத்தியது. புரியாத கையெழுத்தைப் படித்துக்காட்டச் சொல்லி மருத்துவரிடம் கேட்பதற்குச் செவிலியர் கூச வேண்டியதில்லை.

இன்சுலினைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் குப்பிகளில் பெரும்பாலும் வருவது மில்லிக்கு 40 யூனிட். பேனாக்களில் வருவது மில்லிக்கு 100 யூனிட். 40-க்கான ஊசிக்குழலின் மூடி சிவப்பு, 100-க்கானது ஆரஞ்சு. ‘பத்து போடு’ என்று ஒருவர் சொல்ல, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசிக்குழலில் பத்தாம் கோடுவரை ஒருவர் இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். சொன்னவர் சரியாகச் சொன்னார், கேட்டவர் சரியாகக் கேட்டார், இழுத்தவரும் கோட்டைச் சரியாகத்தான் பார்த்தார். ஆனாலும் நோயாளி சர்க்கரை இறங்கி, வியர்த்து நினைவிழப்பார். அதனால் இன்சுலினில் எண் மட்டும் போதாது. மருந்தின் பெயர், யூனிட், குப்பியின் செறிவு, ஊசிக்குழலின் நிறம் ஆகிய நான்கையும் இன்னொருவரிடம் காட்டிச் சொல்லிவிட்டுப் போடுங்கள். பெயரில் ஒத்தொலிக்கும் டோபமின், டோபுடமின் என்ற இரு மருந்துகளும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதும் இத்தகையதே. வேறுபடும் எழுத்துகளை மட்டும் பெரிதாக அச்சிட்ட ஒட்டுச்சீட்டு, வேறு வேறு தட்டு, அவ்வளவுதான் செலவு.

அழைப்பதற்கு முன் ஒரு நிமிடம்

“சார், பதினாலாம் படுக்கை நோயாளி ஒரு மாதிரி இருக்காங்க சார், கொஞ்சம் வந்து பாருங்க.” இதைச் சொன்ன செவிலியரின் மனத்தில் அவசரம் இருந்தது, சொல்லில் இல்லை. கேட்ட மருத்துவர் “சரி, வர்றேன்” என்றார். கையிலிருந்த வேலையை முடித்து அவர் வர முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு இருவரும் ஒருவரையொருவர் குற்றம் சொன்னார்கள். ‘ஒரு மாதிரி’ என்ற தொடர் அனுபவமுள்ள கண் கண்டதைச் சுருக்கித் தரும் அருமையான தமிழ்தான். ஆனால் தொலைபேசியில் அது வெறுங்கையாகப் போய்ச் சேரும்.

அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் பழக்கத்தில் இருந்து, பின்னர் கைசர் பெர்மனென்டே என்னும் மருத்துவ அமைப்பின் வழியாக மருத்துவமனைகளுக்கு வந்த ‘எஸ்பார்’ முறை இதற்கு நல்ல தீர்வு. நிலைமை, பின்னணி, கணிப்பு, வேண்டுகோள் என்ற நான்கு படிகள் கொண்டது. தொலைபேசியை எடுக்கும் முன் கேஸ் ஷீட்டையும், கடைசியாக எடுத்த நாடி, அழுத்தக் கணக்கையும் கையில் வைத்துக்கொண்டு இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

“சார், மூன்றாம் மாடி பெண்கள் அறுவை வார்டின் பணிச் செவிலியர் பேசுகிறேன். 14-ஆம் படுக்கை அம்மாவுக்கு ஒரு மணி நேரத்தில் நாடி 96-இலிருந்து 128-க்கு ஏறியிருக்கிறது, அழுத்தம் 90/60. 62 வயது, நேற்றுப் பித்தப்பை அறுவை நடந்தவர், சர்க்கரை உண்டு. மூன்று மணி நேரத்தில் சிறுநீர் 40 மில்லிதான். உள்ளே இரத்தக் கசிவு இருக்குமோ என்று தோன்றுகிறது. பத்து நிமிடத்துக்குள் நீங்கள் நேரில் வர வேண்டும். அதுவரை நான் எதைத் தொடங்கட்டும்?”

இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். இதில் நம்மவர்கள் தயங்குவது மூன்றாம் படியில்தான். ‘நோயைக் கணிப்பது மருத்துவர் வேலை, நாம் எப்படிச் சொல்வது’ என்ற கூச்சத்தால் எண்களை மட்டும் அடுக்கிவிட்டு நின்றுவிடுகிறார்கள். கணிப்பு தெரியாவிட்டால் “என்னவென்று தெரியவில்லை, ஆனால் மோசமாகிக்கொண்டே போகிறார்” என்று சொல்லலாம், அதுவும் கணிப்புத்தான். நான்காம் படியில் ‘கொஞ்சம்’, ‘முடிந்தால்’, ‘நேரம் இருந்தால்’ ஆகிய மூன்று சொற்களையும் விட்டுவிடுங்கள். எப்போது வர வேண்டும் என்பதை நிமிடக் கணக்கில் கேளுங்கள்.

பணி மாறும் நேரம்

காலை ஏழரை மணி. இரவுப் பணி முடிந்தவருக்குப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். வருபவர் இன்னும் கைப்பையைக்கூட வைக்கவில்லை. ஒருபக்கம் உறவினர்கள் சீட்டு கேட்கிறார்கள், மறுபக்கம் சாப்பாட்டு வண்டி வந்துவிட்டது. “எல்லாம் ஸ்டேபிள்தான், பிளட் அனுப்பியாச்சு, டிரிப் போகுது, பார்த்துக்கோங்க.” இந்த நான்கு துண்டுகளிலும் செய்தி இருப்பதுபோல் தோன்றும். பிளட் அனுப்பியாயிற்று என்றால் முடிவை யார் கேட்டு வாங்குவது? அனுப்பியவர், வருபவர் பார்ப்பார் என்று போய்விட்டார். வந்தவர், அனுப்பியவரே பார்த்திருப்பார் என்று இருந்துவிட்டார். பொட்டாசியம் அளவு 6.8 என்ற ஆபத்தான முடிவு ஆய்வகத்தின் கணினியில் மத்தியானம்வரை யாருக்காகவோ காத்துக்கிடக்கும்.

பொறுப்பு மாறும் நேரத்துக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் குழந்தை மருத்துவப் பயிற்சி மருத்துவர்களுக்காக உருவாக்கப்பட்ட ‘ஐ-பாஸ்’ என்ற முறை ஒன்பது மருத்துவமனைகளில் சோதிக்கப்பட்டு, அதன் முடிவுகள் 2014-இல் வெளிவந்தன. மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடு குறைந்திருந்தன. யார் எவ்வளவு மோசம் என்பதில் தொடங்கி, நோயாளியின் சுருக்கம், செய்ய வேண்டிய வேலைகள், ‘இப்படி ஆனால் இதைச் செய்’ என்ற முன்னெச்சரிக்கை ஆகியவற்றைக் கடந்து, பெறுபவர் தம் சொல்லில் சுருக்கிச் சொல்வதில் அது முடிகிறது. அந்தக் கடைசிப் படியே என் கண்ணில் மற்ற நான்கையும் தாங்குவது. வழக்கமாகப் பொறுப்பைக் கொடுப்பவர்தான் பேசுவார், பெறுபவர் தலையாட்டுவார். அதைத் திருப்பிப்போடுங்கள்: “சரி, 9-ஆம் படுக்கைக்குப் பொட்டாசியம் முடிவை எட்டரை மணிக்குள் நான் வாங்க வேண்டும், 6-க்கு மேல் இருந்தால் உடனே பணி மருத்துவரை அழைக்க வேண்டும், அவ்வளவுதானே?” என்று பெறுபவர் சொல்லட்டும். இந்த இடத்தில் வரும் ‘சரி’க்குப் பின்னால் ஒரு முழு வாக்கியம் நிற்கிறது.

இதை மேசையருகே செய்யாமல் கட்டிலருகே செய்தால் குழாய்கள், பாட்டிலில் மீதியுள்ள அளவு, கைப்பட்டி எல்லாம் இரு சோடிக் கண்களுக்கும் தெரியும். நோயாளியே குறுக்கிட்டு “அந்த ஊசி நேற்றே நிறுத்திட்டாங்களே” என்று சொல்லவும் வாய்ப்புண்டு. மற்றவர் காதில் விழக் கூடாத செய்திகளை மட்டும் தனியிடத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

மேலே இருப்பவரிடம் மறுத்துச் சொல்வது

சொல் சரியாகப் புரிந்தும், அது தவறு என்று தெரிந்தும், வாய் திறக்காமல் போவது வேறொரு வகைத் தகவல் முறிவு. இங்கிலாந்தில் 2005 மார்ச்சில் சைனஸ் அறுவைச் சிகிச்சைக்காக வந்த எலேன் புரோமிலி என்ற பெண்ணுக்கு, மயக்க மருந்து கொடுத்தபின் மூச்சுக்குழாயைப் பொருத்த இயலாமல் போனது. அனுபவமுள்ள மருத்துவர்கள் குழாயைப் பொருத்துவதிலேயே மீண்டும் மீண்டும் முனைந்திருந்தார்கள். கழுத்தில் துளையிடும் கருவித் தட்டைச் செவிலியர் ஒருவர் கொண்டுவந்து வைத்து, தயாராக இருப்பதாகச் சொன்னார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்கு ஏற்பாடு செய்தார். அவர்களுக்கு நிலைமை புரிந்திருந்தது. ஆனால் அதை அழுத்திச் சொல்லும் வழி அவர்களிடம் இல்லை. ஏற்பாடு செய்த படுக்கையும் வேண்டாமென்று விடப்பட்டது. சில நாட்களில் எலேன் இறந்தார். விமானியான அவருடைய கணவர் மார்ட்டின் புரோமிலி, யாரையும் பழிக்காமல், மருத்துவத்தில் மனிதக் காரணிகளைப் பற்றிப் பேச ஓர் அமைப்பையே நிறுவினார்.

‘சார்’, ‘மேடம்’, ‘சீஃப்’ என்ற அடுக்குகளில் வளர்ந்த நமக்கு இது இன்னும் கடினம். “சார், எனக்கு ஒரு சின்ன சந்தேகம்...” என்று நாம் தொடங்கும் வாக்கியம், கேட்பவருக்குப் படிக்க வந்த மாணவியின் கேள்விபோல் ஒலிக்கும். மரியாதையைக் குறைக்காமல் அழுத்தத்தைக் கூட்டும் சொற்களை முன்கூட்டியே வாயில் பழக்கி வைத்துக்கொள்ள வேண்டும். முதலில்: “சார், இந்த அளவு எனக்குக் கவலையாக இருக்கிறது, இவருக்குச் சிறுநீரகக் கோளாறு உண்டு.” பதில் வராவிட்டால், கேட்கவில்லை என்று எடுத்துக்கொண்டு அதே செய்தியை இன்னொரு முறை சொல்லுங்கள். அதற்கும் பயன் இல்லையென்றால்: “சார், இது நோயாளிக்கு ஆபத்து. இன்னொருவரைக் கேட்டு உறுதி செய்யும்வரை நான் இதைப் போட மாட்டேன்.” இந்தக் கடைசி வாக்கியத்தை வாழ்நாளில் இரண்டு முறைதான் சொல்லியிருக்கிறேன். ஒரு முறை நான் நினைத்தது தவறாக இருந்தது. வானம் இடிந்து விழவில்லை.

மேலே இருப்பவர்களுக்கும் ஒரு சொல். ‘யாருக்கும் ஏதாவது ஐயமா?’ என்று பொதுவாகக் கேட்டால் அறையே மௌனமாகத் தலையாட்டும். “இந்த அளவு இவர் எடைக்குச் சரியா, நீங்கள் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்” என்று ஒருவரைக் குறித்துக் கேளுங்கள். ஒரு துறைத் தலைவர் ரவுண்ட்ஸில் எல்லோர் முன்னிலையிலும் மூன்றாமாண்டு மாணவி ஒருவர் மெல்லிய குரலில் “டோஸ் இரண்டு முறை எழுதியிருக்கிறது மேடம்” என்றபோது, நின்று, வாங்கிப் பார்த்து, ஒன்றை அடித்துவிட்டு, “நல்லவேளை சொன்னே” என்று சொன்னதை நான் பார்த்தேன். அந்த வாரத்திலிருந்து அவருடைய ரவுண்ட்ஸ் பத்து நிமிடம் நீண்டது, ஏனென்றால் எல்லோரும் பேசத் தொடங்கிவிட்டார்கள். 2008-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் குழுவினர் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்று இருப்பதும் இதற்காகவே. ஒரு முறை பேசிய வாய்க்கு மறுமுறை பேசுவது எளிது.

குழப்பம் நடந்த பிறகு

முதலில் நோயாளியைப் பாருங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள், பிறகு எழுதுங்கள். சம்பவ அறிக்கையில் ‘தகவல் தொடர்புக் குறைபாடு’ என்று எழுதினால் அதைப் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. யார் எந்தச் சொல்லைச் சொன்னார், கேட்டவர் அதை என்னவாக எடுத்துக்கொண்டார், அப்போது சுற்றிலும் என்ன நடந்துகொண்டிருந்தது என்று சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். இரு தரப்பையும் தனித்தனியாக, அன்றைக்கே, நினைவு ஆறுவதற்குள் கேளுங்கள். ‘ஏன் இப்படிச் செய்தாய்?’ என்ற கேள்விக்குத் தற்காப்புதான் பதிலாக வரும். ‘உனக்கு என்ன கேட்டது?’ என்ற கேள்விக்குச் செய்தி வரும். நோயாளியைத் தொடுமுன் தடுக்கப்பட்ட தவறுகளையும் எழுதுங்கள்.

அன்றிரவு நான் உடைக்காமல் வைத்த அந்த மூன்றாவது ஆம்பூலைப் பற்றி அறிக்கை எதுவும் எழுதவில்லை. மருந்து போகவில்லையே, எதற்கு எழுத வேண்டும் என்று இருந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, அதே தொலைபேசியில், அதே இருபதும் அறுபதும் இன்னொரு செவிலியருக்குக் குழம்பின. அதற்குப் பிறகுதான் தொலைபேசிக்கு மேலே சுவரில், ‘எழுது, படி, ஆம் வாங்கு’ என்று ஒரு சீட்டை ஒட்டினோம்.